பூஞ்சை பிடிக்காத நாடா: 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' புதிய புளூரே

பெட்டி வந்து சேர்ந்தபோது ஒரு மூலை நசுங்கியிருந்தது. இங்கிலாந்திலிருந்து பினாங்கு வரை நல்லபடியாக வந்த பெட்டி, ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் ஏழாவது மாடிக்கு ஏறுவதற்குள் யாரோ அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். கொண்டுவந்த தம்பியிடம் காட்டினேன். "உள்ள ஒன்னும் ஆகியிருக்காது அங்கிள்" என்றார், பிரித்துப் பார்த்தவர் மாதிரி. அஞ்சல் செலவு சேர்த்து 250 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆனது. வீட்டில் 120 என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உள்ளே நிஜமாகவே ஒன்றும் ஆகவில்லை. கெட்டி அட்டைப் பெட்டி, தடிமனாக ஒரு புத்தகம், சில பட அட்டைகள், டிஸ்க். பிரிட்டனின் செகண்ட் சைட் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட பதிப்பு இது. படம் 1999இல் வந்தது. கதையை இனிச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் இளையவர்களுக்காக இரண்டு வரி: 1994 அக்டோபரில் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் மூன்று மாணவர்கள் ஒரு சூனியக்காரியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் காட்டுக்குள் போகிறார்கள். திரும்பவில்லை. ஒரு வருஷம் கழித்து அவர்கள் எடுத்த படச்சுருள்கள் மட்டும் கிடைக்கின்றன. நாம் பார்ப்பது அந்தச் சுருள்களைத்தான். 'கண்டெடுத்த படச்சுருள்' வகைப் படங்களில் இதுதான் முதல் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். முதல் இல்லை. ஆனால் ஊரெல்லாம் அப்படி எடுக்க ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான்.

நான் யார், இதைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி என்றால், 1996இலிருந்து ஏறக்குறைய பத்து வருஷம் பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் கல்யாண வீடியோ எடுத்தவன். ஆரம்பக் காலமெல்லாம் ஹை-எயிட், அதாவது சின்ன 8 மி.மீ. வீடியோ நாடாவில் பதிகிற கேமராதான். இந்தப் படத்தில் அந்தப் பெண் தூக்கிக்கொண்டு அலைகிறதே, அதே ஜாதி. ஆகவே சினிமா விமர்சகனாக நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அந்தக் கேமராவைத் தோளில் வைத்துத் தோள்பட்டை வலித்தவனாகச் சொல்கிறேன்.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது திருட்டு விசிடியில் (வீடியோ சிடி). மறைக்க என்ன இருக்கிறது? அந்தக் காலத்தில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) மேசைத் துணி விரித்துப் பரப்பி வைத்திருப்பார்கள். அமலாக்கக்காரர்கள் வருகிறார்கள் என்று விசில் கேட்டால் துணியோடு சுருட்டிக்கொண்டு ஓட்டம். நாமும் பாதிக் காசு கொடுத்துவிட்டு நிற்போம். ஒரு விசிடியில் 74 நிமிஷம்தான் கொள்ளும். படம் 81 நிமிஷம். அந்த ஏழு நிமிஷத்துக்காக இரண்டாவது டிஸ்க். புண்ணியவான்கள் படத்தைச் சரிபாதியாக வெட்டியிருந்தார்கள். மைக் என்கிற பையன் வரைபடத்தை ஓடையில் உதைத்துத் தள்ளியது நான்தான் என்று சொல்லிப் பைத்தியம் மாதிரி சிரிப்பான் இல்லையா, அங்கே முதல் டிஸ்க் முடிந்தது. எழுந்து போய் மாற்ற வேண்டும். மணி பன்னிரண்டு, வீட்டில் யாரும் இல்லை. மாற்றவில்லை. மறுநாள் பகலில்தான் மீதியைப் பார்த்தேன்.

விசிடியில் படம் 352க்கு 240 புள்ளி. ஏற்கெனவே கலங்கிய குட்டையில் இன்னும் ஒரு வாளி சேற்றைக் கொட்டியது போல. கடைசிக் காட்சியில் என்ன நடந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு மூலையில் தூண் மாதிரி ஏதோ நிற்கிறது என்று நினைத்தேன். அது மைக் என்று என் அசிஸ்டன்ட் பையன்தான் ஒரு வாரம் கழித்துச் சொன்னான். அப்புறம் ஒரு வாரம் எங்கள் வீட்டு மூலைகளைப் பார்க்காமல் நடந்தேன்.

சரி, புது டிஸ்க்குக்கு வருவோம். வாங்குவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். உலகத்தை வட்டாரமாகப் பிரித்து, ஒரு வட்டார டிஸ்க் இன்னொரு வட்டாரப் பிளேயரில் ஓடாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். டிவிடியில் மலேசியா 3ஆம் வட்டாரம், பிரிட்டன் 2ஆம் வட்டாரம். புளூரேயில் நாம் ஏ, அவர்கள் பி. இது பி வட்டார டிஸ்க். இங்கே கடையில் வாங்கிய சாதாரணப் பிளேயரில் போட்டால் 'ஓடாது' என்று ஒரு வரி காட்டிவிட்டுத் துப்பிவிடும். எல்லா வட்டாரமும் ஓடுகிற பிளேயர் ஒன்றை நான் முன்பே பழையதாக வாங்கி வைத்திருக்கிறேன். அது இல்லாதவர்கள் பெட்டியின் அழகில் மயங்க வேண்டாம். 250 வெள்ளிக்கு அலமாரியில் வைக்கிற பொம்மைதான் மிஞ்சும்.

இந்தப் பதிப்பின் முக்கியமான விஷயம் படத்தின் மூலம். 1997 அக்டோபரில் எட்டே நாளில் இதை எடுத்தார்கள். கலர்க் காட்சிகள் ஹை-எயிட் நாடாவில், கறுப்பு வெள்ளைக் காட்சிகள் 16 மி.மீ. ஃபிலிமில். திரையரங்குக்குப் போக வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் 35 மி.மீ. ஃபிலிமுக்கு மாற்றினார்கள். 2010இல் வந்த புளூரே அந்த ஃபிலிம் வழியாக வந்தது. அதாவது ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தது. நாடாவின் சொந்தக் கறை ஒரு பக்கம், மாற்றியதில் சேர்ந்த கறை ஒரு பக்கம், எது எது என்று பிரிக்க முடியாது. இந்த முறை மூல நாடாக்களுக்கே போயிருக்கிறார்கள். இயக்குநர்கள் டேனியல் மிரிக், எடுவார்டோ சான்செஸ் இருவரும் சரி பார்த்து ஒப்புக்கொண்ட பதிப்பு.

'புதுப்பித்த பதிப்பு' என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இப்போதெல்லாம் பழைய படத்தைப் புதுப்பிக்கிறேன் என்று முகத்துக்கு மெழுகு பூசிவிடுகிறார்கள். அப்படி எதுவும் செய்யவில்லை. போட்ட ஐந்தாவது நிமிஷமே தெரிந்துவிட்டது: இது ஹை-எயிட். சுத்தமான, கலப்படமில்லாத, அசிங்கமான ஹை-எயிட்.

அந்தக் கேமராவுக்குச் சிவப்பு என்றால் ஆகாது. மணப்பெண்ணின் கூறைப்புடவையை எடுத்தால் சிவப்பு புடவையில் நிற்காது, பக்கத்தில் நிற்கிற மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டைக் கை வரை வழியும். அந்த வழிதல் இந்த டிஸ்க்கில் அப்படியே இருக்கிறது. இருட்டினால் கேமராவுக்குக் கண் தெரியாது. இருட்டை ஈடுகட்டப் படத்தைச் செயற்கையாகப் பிரகாசமாக்கும், அதுதான் கெயின் ஏறுவது. கறுப்பு கறுப்பாக இருக்காது, எறும்பு மொய்த்தது போல ஒரு சாம்பல் நிறம் நெளியும். விளக்கைப் போட்டால் நடுவில் ஒரு வட்டம் வெளுக்கும், அதற்கு வெளியே உலகமே கிடையாது. ஃபோக்கஸ் ஒரு மரத்தைப் பிடிக்கும், விடும், வேறு கிளையைப் பிடிக்கும், விடும். கல்யாணத்தில் இப்படி ஆனால் எனக்கு வியர்க்கும். இங்கே அது பயமாக மாறுகிறது. எதையோ தேடுகிறது கேமரா, ஆனால் எதை? பழைய பதிப்பில் இந்த நெளிவெல்லாம் ஒரே பழுப்புக் கஞ்சியாகத் தெரியும். இப்போது எறும்புகளை எண்ணலாம். படம் தெளிவாகியிருக்கிறது என்று சொல்ல மாட்டேன், அழுக்கு தெளிவாகியிருக்கிறது.

16 மி.மீ. பகுதிகள் இதற்கு நேர் எதிர். மணல்மணலாக, ஆனால் கூர்மையாக. நிறம் மாறும்போதெல்லாம் மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது. கட்டிய குச்சிப் பொம்மைகள் மரங்களில் தொங்குகிற இடத்தில் இந்த வித்தியாசம் நன்றாக வேலை செய்கிறது.

படம் 4:3 அளவு. டிவியில் இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கும். என் மகன் வந்ததும் வராததுமாக ரிமோட்டை எடுத்து இழுத்து முழுசாக்கப் பார்த்தான். கையைத் தட்டிவிட்டேன். இழுத்தால் மூன்று பேரும் ஒரே நாளில் பத்துக் கிலோ கூடிவிடுவார்கள். அவர்கள் பட்டினி கிடக்கிற படம் இது.

பட்டினி என்று சும்மா சொல்லவில்லை. நடிகர்கள் ஹீதர் டோனஹியூ, ஜோஷுவா லெனார்ட், மைக்கேல் வில்லியம்ஸ் மூவரும் சொந்தப் பெயரிலேயே நடித்தார்கள், கேமராவையும் அவர்களே தூக்கினார்கள். இயக்குநர்கள் தூரத்தில் மறைந்திருந்தார்கள். ஜிபிஎஸ் கருவி காட்டும் இடத்துக்குப் போனால் அங்கே ஒரு பால் கூடையில் அன்றைய குறிப்புகளும் சாப்பாடும் இருக்கும். நாளாக ஆகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ராத்திரியில் கூடாரத்தை உலுக்கினார்கள். நிஜமாகவே தாங்க முடியவில்லை, நடிப்பை நிறுத்துவோம் என்றால் சொல்வதற்கு ஒரு குறிச்சொல் வைத்திருந்தார்கள்: 'டாக்கோ'. பசியில் இருப்பவனுக்குக் கொடுத்த சொல்லைப் பாருங்கள்.

இப்போது ஒலி. நான் 25 வருஷமாகத் தவறவிட்ட விஷயம் இது. இதற்காகவே கொடுத்த காசு செரித்தது.

கடைசிக் காட்சி. பாழடைந்த வீடு, சுவரெல்லாம் சின்னப் பிள்ளைகளின் கைத் தடங்கள். மைக் கையில் ஹை-எயிட், ஹீதர் கையில் 16 மி.மீ. கேமரா. அந்த 16 மி.மீ. கேமராவில் ஒலி பதியவில்லை. ஒலி பதிகிற ஒரே பொருள் மைக்கின் கையில் இருக்கிறது. மைக் முன்னால் ஓடி நிலவறைக்குள் இறங்குகிறான். அவன் கேமரா கீழே விழுகிறது. அதற்குப் பிறகு நாம் பார்ப்பது ஹீதரின் கண் வழியாக, கேட்பது கீழே விழுந்து கிடக்கிற அந்தக் கேமராவின் காது வழியாக. படத்தில் அவள் நம் பக்கத்திலேயே இருக்கிறாள், குரலோ எங்கோ மாடியிலிருந்து வருகிறது. படி இறங்க இறங்க அவள் அலறல் நம்மை நோக்கி வருகிறது. நம்மிடமிருந்தே வந்துகொண்டிருக்க வேண்டிய குரல், நம்மை நோக்கி வருகிறது!

விசிடியில், டிவியின் ஓட்டை ஸ்பீக்கரில், இது எனக்கு வெறும் கத்தலாகக் கேட்டது. இப்போது ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்த மூன்று நிமிஷத்தை மட்டும் நாலு தடவை கேட்டேன். பின்னால் யாரும் எந்த வித்தையும் செய்யவில்லை. இரண்டு கேமரா, ஒரே மைக்ரோபோன். இரண்டு கேமரா வைத்து வேலை செய்த எந்தக் கல்யாண வீடியோக்காரனுக்கும் இந்த விபத்து தெரியும். 1998இல் தாலி கட்டுகிற நேரத்தில் மேடைக் கேமராவின் மைக்ரோபோன் வயர் கழன்றுவிட்டது எனக்கு. நல்ல ஒலி இருந்தது பந்திக்கூடத்தில் நின்ற பையனின் கேமராவில் மட்டும். என்ன செய்வது, அதையே ஒட்டினேன். மாப்பிள்ளை மூன்று முடிச்சு போடுகிறார், எங்கோ தூரத்தில் கெட்டிமேளம், பக்கத்திலேயே ஒருவர் "இங்க ரசம் வரல" என்கிறார். அந்தக் குடும்பம் மீதிக் காசைக் கொடுக்கவே இல்லை. அதையே இவர்கள் செய்து உலகத்தைப் பயமுறுத்தியிருக்கிறார்கள்.

இன்னொன்று நம் ஆட்களுக்கு மட்டும் கூடுதலாகப் பயம் தருகிற இடம். நான் பிறந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில். பொழுது சாய்ந்தால் ரப்பர் மரங்களுக்குள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது பாட்டியின் சட்டம். யாராவது நம்மைக் கூப்பிட்டாலும் மூன்று தடவை கேட்ட பிறகுதான் குரல் கொடுக்க வேண்டும். மனிதன் என்றால் மூன்றாவது தடவையும் கூப்பிடுவான், மற்றது கூப்பிடாது. இந்தப் படத்தில் ஜோஷ் காணாமல் போன பிறகு இரண்டு பேரும் ராத்திரியெல்லாம் "ஜோஷ்! ஜோஷ்!" என்று காட்டைப் பார்த்துக் கத்துகிறார்கள். பதிலும் வருகிறது. அமெரிக்கக்காரர்கள் இதைச் சாதாரணமாகப் பார்த்திருப்பார்கள். என் பாட்டி பார்த்திருந்தால் டிவியை அணைத்துவிட்டு விபூதி பூசியிருப்பார்.

அந்தக் கடைசி வீடும் எனக்குப் புதிதில்லை. எங்கள் பக்கத்தில் காலிடோனியா தோட்டத்து 99 கதவு பங்களா இருக்கிறதே, 1948இல் முதலாளி சுடப்பட்டு இறந்த பிறகு காடு விழுங்கிய வீடு, அதற்குள் போகும் பையன்கள் எல்லாரும் கையில் கேமராவோடுதான் போகிறார்கள். கேமரா இருந்தால் தைரியம் வருகிறது. காட்டில் ஒரு கட்டத்தில் ஜோஷ் ஹீதரின் கேமராவை வாங்கிப் பார்த்துச் சொல்வதும் ஏறக்குறைய அதுதான்: இதன் வழியாகப் பார்த்தால் எதுவும் நிஜம் போலத் தெரியவில்லை.

கூடுதல் அம்சங்கள் நிறைய. படம் எடுத்தவர்களே பேசும் நீளமான ஆவணப்படம் ஒன்று இருக்கிறது, நன்றாக இருக்கிறது. இயக்குநர்களின் விளக்கவுரை கேட்கலாம், சில இடங்களில் சிரிப்பு அதிகம். 1999இல் படத்துக்கு முன்னோட்டமாகத் தொலைக்காட்சியில் போட்ட போலி ஆவணப்படமும் உண்டு. அதை அன்று நிஜமென்று நம்பியவர்கள் ஏராளம். ஹீதரின் அம்மாவுக்கு அனுதாபக் கடிதங்களே வந்தன. மாற்று முடிவுகளைப் பாருங்கள். பட நிறுவனம் முடிவு புரியவில்லை என்று சொல்லி வேறு முடிவுகளை எடுக்கச் சொல்லியிருக்கிறது. மைக் தூக்கில் தொங்குவது, அந்தரத்தில் மிதப்பது என்று என்னென்னவோ. இயக்குநர்கள் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, மூலையில் நிற்கிற பழைய முடிவையே வைத்துக்கொண்டார்கள். அதற்காகத் தொடக்கத்தில் ஊர்க்காரர் ஒருவரின் பேட்டியில், கொலைகாரன் ஒரு பிள்ளையை மூலையைப் பார்த்து நிற்க வைத்த கதையைச் சேர்த்தார்கள். அந்த ஒரு வரியால் முழுப் படமும் நிமிர்ந்து நிற்கிறது.

புத்தகம் கட்டுரை மயம், படுத்துக்கொண்டே வாசிக்கிற மாதிரி இல்லை. பட அட்டைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. உறையில் திரும்ப வைத்துவிட்டேன். சாதாரணப் பெட்டியிலும் இதே டிஸ்க் வருகிறது. படம் மட்டும் போதும் என்பவர்கள் அதை வாங்கினால் என்னைப் போல வீட்டில் பொய் சொல்ல வேண்டியிருக்காது.

ஒரு நெருடல், டிஸ்க்கோடு சம்பந்தப்பட்டதுதான். படத்தின் முதல் செலவு அறுபதாயிரம் டாலருக்குள். 1999 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் காட்டியதும் ஆர்டிசான் நிறுவனம் 11 லட்சம் டாலருக்கு வாங்கியது. உலகம் முழுக்க வசூல் ஏறக்குறைய 25 கோடி டாலர். கேமரா தூக்கி, பட்டினி கிடந்து, வசனத்தையும் தாங்களே பேசி உருவாக்கிய மூன்று பேருக்கும் அதில் கிடைத்தது கொசுறு. 2024 ஏப்ரலில் மூவரும் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள்: தங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்க வேண்டும், அதோடு வருஷா வருஷம் அறுபதாயிரம் டாலர், அதாவது இந்தப் படத்தின் செலவுத் தொகை, புதிதாகத் திகில் படம் எடுக்க வரும் ஒருவருக்கு மானியமாகத் தர வேண்டும் என்று. ஹீதர் தன் பெயரையே மாற்றிக்கொண்டுவிட்டார். இத்தனை அழகான பெட்டியைக் கையில் வைத்திருக்கும்போது எனக்கு அது உறுத்துகிறது. மீதிக் காசு வராத வலி தெரிந்தவன் நான், அதனாலும் இருக்கலாம்.

தலைசுற்றலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கேமரா ஆடும், அதைப் புதுப்பிப்பு சரி செய்யவில்லை, செய்யவும் கூடாது. என் மனைவி இருபது நிமிஷத்தில் எழுந்து போய்விட்டார். "நீங்க எடுத்த நம்ம நிச்சயதார்த்த வீடியோ மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி அலமாரி மேலிருந்த என் பழைய நாடாப் பெட்டியை இறக்கினேன். 43 ஹை-எயிட் நாடாக்கள், காசு கொடுக்காதவர்கள் வாங்கிப் போகாதவை. பினாங்கு ஈரத்துக்கு நாடா தாங்காது. சிலிக்கா ஜெல் போட்டு வைத்தேன், இருபது வருஷமாக அதை மாற்றவில்லை. சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாவின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக நூல் மாதிரி பூஞ்சை. அதை ஓட்டினால் நாடாவைப் படிக்கிற கேமராவின் ஹெட்டும் போய்விடும். பூஞ்சை தெரியாத நாலு நாடாவை மட்டும் நண்பரிடம் இரவல் வாங்கிய டிஜிட்டல்-எயிட் கேமராவில் போட்டுப் பார்த்தேன். மூன்றில் வெறும் கோடு. ஒன்றில் அந்த ரசக் கல்யாணம். கொஞ்ச நேரம் ஓடியது. கூறைப்புடவைச் சிவப்பு மாப்பிள்ளைக் கை வரை வழிந்தது. மேரிலாண்ட் காட்டில் காணாமல் போனதாகச் சொன்ன நாடாக்கள் எவ்வளவு பத்திரமாக இருந்திருக்கின்றன என்று அப்போதுதான் பொறாமை வந்தது.

அக்கா மகன் நேற்று வந்து டிஸ்க்கை இரவல் கேட்டான். டிஸ்க்கை மட்டும் கொடுத்தேன், பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்று. அவன் வீட்டுப் பிளேயரில் அது ஓடாது என்பதைச் சொல்லவில்லை. எப்படியும் ராத்திரி போன் பண்ணுவான்.